குருவி பார்க்கவா தில்லிக்கு வந்தோம்?

நம் சங்கத்தின் நிகழ்ச்சிப் பட்டியலில் மாதமொரு பறவை நடையைச் சேர்க்க வேண்டும் என்று நான் முன்மொழிந்தபோது எழுந்த கேள்வி இது. கேட்டவர் நல்ல நண்பர். கேலியாகத்தான் கேட்டார், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆயினும் சிரித்து முடித்த பிறகும் அந்தக் கேள்வி அங்கேயே நின்றது. விடை சொல்லாமல் விட்டால் அது தீர்மானமாகவே மாறிவிடும். ஆகவே என் விடையை இவ்விதழின் பக்கங்களில் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் நாம் எதற்காக இந்த ஊருக்கு வந்தோம் என்பதைப் பார்ப்போம். படிக்க வந்தோம், பட்டம் பெற வந்தோம், தேர்வு எழுத வந்தோம். மறுக்கவில்லை. ஆனால் படிப்பு நடக்கும் இந்த இரண்டு, மூன்று, ஐந்து ஆண்டுகளில் நாம் வாழ்வது எங்கே? உடல் தில்லியில் இருக்கிறது. விடுதி அறையில் இருப்பது ஊரிலிருந்து வந்த பொடி டப்பா. காதில் இருப்பது ஊர்ப் பாட்டு. கைப்பேசியில் இருப்பது ஊர்ச் செய்தி. சங்கத்தில் கூடினால் பொங்கல் விழா, பட்டிமன்றம், புதுப்படம். இவை யாவும் வேண்டியவையே. முதலாண்டு மாணவன் ஒருவன் கார்த்திகைக் குளிரில் கம்பளிக்குள் சுருண்டு அழாமல் இருப்பதற்கு இவையே காரணம் என்பதையும் நான் அறிவேன். எனினும் இவற்றோடு நின்றுவிட்டால் நாம் இந்த ஊரில் வாழ்ந்தவர்களாக மாட்டோம். வாடகை கொடுத்துத் தங்கியவர்களாகவே திரும்புவோம்.

நம் மேடைகளில் அடிக்கடி ஓர் உவமை கேட்கிறது. "நாமெல்லாம் வலசைப் பறவைகள்" என்று சொல்லிக் கைதட்டல் வாங்குகிறோம். என்னைக் கேட்டால், இந்த உவமை பறவைக்குச் செய்யும் அநீதி. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து இறங்கிவரும் வாலாட்டியும் செவ்வாலும் தம் வேனில் நிலத்தை நினைத்துக்கொண்டு நாள் கழிப்பதில்லை. வந்திறங்கிய இடத்தில் தமக்கென ஓர் எல்லை வகுத்துக்கொள்கின்றன. எந்தப் புதரில் பூச்சி உண்டு, எந்தச் சுவரில் காலை வெயில் முதலில் விழும், எந்தத் திசையிலிருந்து வல்லூறு வரும் என்பதையெல்லாம் கற்றுக்கொள்கின்றன. காலில் வளையமிட்டுப் பார்த்ததில், பல பறவைகள் ஆண்டுதோறும் அதே தோட்டத்துக்கே மீண்டு வருவது தெரிந்திருக்கிறது. நம்மில் எத்தனை பேர், நாம் தங்கியிருக்கும் விடுதியின் வாசலில் நிற்பது என்ன மரம் என்று சொல்வோம்? பறவையைப்போல் வந்தோம் என்று சொல்லும் தகுதியை நாம் இனிமேல்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

சென்ற கார்த்திகை மாதத்து ஞாயிறு ஒன்றில் எங்களில் பதினோரு பேர் லோதி தோட்டத்துக்குப் போனோம். விசுவவித்யாலய நிலையத்தில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமலே ஜோர்பாக்கில் இறங்கலாம். பிறகு சிறு நடை. செலவு என்று சொல்ல டிக்கெட்டும் தேநீரும்தான். தோட்டத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை.

லோதி தோட்டத்தின் வரலாறே ஒரு பாடம். சையது அரசர் முகம்மது ஷாவின் கல்லறையும், 1517-இல் மறைந்த சிக்கந்தர் லோதியின் கல்லறையும் அங்கே உள்ளன. அவற்றைச் சுற்றிக் கைர்பூர் என்று ஒரு சிற்றூர் இருந்தது. அவ்வூர் மக்களை அப்புறப்படுத்திவிட்டு 1936-இல் வில்லிங்டன் சீமாட்டியின் பெயரால் ஒரு பூங்கா திறந்தார்கள். 1947-இல் அதன் பெயர் லோதி தோட்டம் ஆயிற்று. 1968-இல் ஜோசப் ஸ்டெய்ன், காரெட் எக்போ என்ற இரு அமைப்பாளர்கள் இன்றைய வடிவத்தைத் தந்தார்கள். அரசர் போனார், ஊர் போயிற்று, சீமாட்டியின் பெயரும் போயிற்று. கல்லறைச் சுவரின் பொந்துகளில் கிளிகள் மட்டும் குடியிருக்கின்றன.

அன்று வானம் தெளிவாக இல்லை. தில்லியின் கார்த்திகை எப்படிப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியும். நம் ஊரில் அது மழையும் அகல்விளக்கும் கூடிய மாதம். இங்கே புகையும் பனியும் கூடிய மாதம். ஏழரை மணிக்கும் சூரியன் வெந்தயக் களிபோல் மங்கிக் கிடந்தது. அந்த வெளிச்சத்திலும் இரண்டரை மணி நேரத்தில் முப்பத்தொரு வகைப் பறவைகளைக் குறித்தோம். வந்தவர்களில் எட்டுப் பேர் அதற்கு முன் பறவை பார்க்கவென்று எங்கும் போனதில்லை.

எல்லாவற்றையும் அடுக்கப் போவதில்லை. சிலவற்றை மட்டும் சொல்கிறேன். பெரிய ஆலமரத்தின் உச்சியில் மஞ்சள்கால் பச்சைப்புறாக்கள் இருபதுக்கு மேல் வெயில் காய்ந்தன. அசையும்வரை அவை இலைகளே. சாம்பல் இருவாச்சி இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாகச் சிறகடித்தும் மிதந்தும் எங்கள் தலைக்குமேல் கடந்தன. புல்வெளியில் கொண்டலாத்தி தன் வளைந்த அலகால் மண்ணைத் தைத்துக்கொண்டிருந்தது. ஒரு பொந்தின் வாயில் புள்ளி ஆந்தைகள் இரண்டு, வீட்டுவரி கேட்க வந்தவரைப் பார்ப்பதுபோல் எங்களைப் பார்த்தன. பாழ்மதிலின் மேல் செவ்வால் ஒன்று வாலைத் துடிதுடிக்க வைத்தபடி குதித்தது. இலைகளுக்குள் கதிர்க்குருவி ஒன்று. பத்துக் கிராம்கூட எடை இராது. அது இமயத்திலிருந்தோ அதற்கும் அப்பாலிருந்தோ வந்தது. இவ்வினத்துள் பச்சைக் கதிர்க்குருவி போன்றவை புரட்டாசியிலேயே தில்லியைக் கடந்து நம் தமிழகம்வரை போய்விடுகின்றன. உங்கள் வீட்டுக் கொல்லை முருங்கையில் இப்போது பூச்சி பிடித்துக்கொண்டிருப்பது, இரண்டு மாதங்களுக்கு முன் நம் பல்கலைக்கழக வேப்பமரத்தில் இளைப்பாறிய குருவியாகவும் இருக்கலாம்.

மேலே வட்டமிட்ட பருந்துகளை யாரும் பொருட்படுத்தவில்லை. தில்லியில் பருந்து நம் ஊர்க் காக்கைபோல் அன்றாடப் பறவை. ஆனால் அக்கூட்டத்தில் இருவகையினர் உண்டு. ஒரு வகை இங்கேயே பிறந்து இங்கேயே வாழ்வது. மற்றொன்று ஐப்பசியையொட்டி இமயத்தைக் கடந்து வருவது. இந்தியக் காட்டுயிர் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அவற்றின் முதுகில் செயற்கைக்கோள் கருவி கட்டிப் பின்தொடர்ந்தார்கள். கஜகஸ்தான், மங்கோலியா, தென்சைபீரியா ஆகிய நிலங்களிலிருந்து மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து அவை தில்லிக்கு வருகின்றன என்பது தெரிந்தது. வந்து கூடும் இடங்களுள் ஒன்று காஜிப்பூர் குப்பைமேடு. நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் மேடு, ஒரு மங்கோலியப் பருந்துக்குக் குளிர்கால அன்னசத்திரம்!

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன். அதனுள் மூன்று மறுப்புகள் அடங்கியிருக்கின்றன. ஒன்று: இதனால் என்ன பயன்? இரண்டு: அறிவியல் வேண்டுமென்றால் துறையில் செய்வோம், சங்கத்துக்கு இதில் என்ன வேலை? மூன்று: தமிழ்ச் சங்கம் தமிழ்நாட்டைப் பற்றியல்லவா கவலைப்பட வேண்டும்?

பயனைப் பற்றிக் கேட்பவருக்கு ஒரு வேதியியல் மாணவன் என்ற முறையில் விடை சொல்கிறேன். தைக்குளோஃபெனாக் என்ற வலிநீக்கி மருந்தை நீங்கள் அறிவீர்கள். பல்வலிக்கு நாமே விழுங்குவது. அது கால்நடைகளுக்கும் தரப்பட்டது. மாட்டுக்கு அது நல்ல மருந்துதான். வலி தீர்ந்தது, உழவர் மகிழ்ந்தார். ஆனால் மருந்து உடலில் இருக்கும்போதே இறந்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகம் பழுதாயிற்று. உள்ளுறுப்புகளில் யூரிக் அமிலம் வெண்பொடியாகப் படிந்தது. சில நாட்களில் அவை மாண்டன. தில்லியின் வானிலும் ஒரு காலத்தில் கூட்டங்கூட்டமாய்ப் பறந்த பறவைகள் அவை. 1992-ஆம் ஆண்டுக்கும் 2007-ஆம் ஆண்டுக்கும் இடையில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் எஞ்சியது. அன்று நாம் பிறக்கவே இல்லை, அல்லது தொட்டிலில் இருந்தோம். அதனால்தான் வெற்றுவானம் நமக்கு இயல்பாகத் தோன்றுகிறது.

இந்தப் பேரழிவு எப்படித் தெரியவந்தது? எந்த ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குடுவையும் இதைச் சொல்லவில்லை. தில்லிக்குத் தெற்கே உள்ள பரத்பூரில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் என்பவர் 1980-களில் பாறுகளின் கூடுகளை எண்ணி எழுதி வைத்திருந்தார். முந்நூறுக்கும் மேற்பட்ட இணைகள் அப்போது அங்கே கூடு கட்டின. 1990-களின் பிற்பகுதியில் அவரே மீண்டும் எண்ணியபோது தொகை சரிந்திருந்தது. மரத்தடியில் செத்த பறவைகள் கிடந்தன. பழைய எண் இருந்ததால்தான் புதிய எண்ணின் பொருள் விளங்கிற்று. அதன் பிறகே உலகெங்கும் ஆய்வாளர் காரணம் தேடினர். 2004-இல் குற்றவாளி இந்த மருந்தே என்ற ஆய்வு வெளிவந்தது. 2006-இல் கால்நடை மருத்துவத்துக்கு அதைத் தயாரிப்பதை இந்திய அரசு தடை செய்தது. மெலாக்சிகம் என்ற மாற்று மருந்து பாறுகளுக்குத் தீங்கற்றது என்றும் கண்டார்கள். எண்ணியவர் இல்லாவிட்டால் வேதியியலாருக்கு ஆராயக் கேள்வியே கிடைத்திராது. நோட்டுப் புத்தகமும் பென்சிலும் கொண்டு மரத்தடியில் நின்ற ஒருவரின் பொறுமைக்குப் பயன் இல்லை என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

இது ஒருவருடைய கதை. பலருடைய கதையும் உண்டு. 2023-இல் வெளிவந்த 'இந்தியப் பறவைகளின் நிலை' என்ற அறிக்கை 942 வகைப் பறவைகளை ஆராய்ந்தது. முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட சாதாரண மக்கள் ஈபேர்ட் என்ற இணையத்தளத்தில் பதிந்த மூன்று கோடிக் குறிப்புகளே அதன் அடிப்படை. நீண்டகாலப் போக்கைக் கணிக்கப் போதிய தரவு கிடைத்தவை 338 வகைகள். அவற்றுள் அறுபது விழுக்காடு குறைந்துவருகின்றன என்கிறது அறிக்கை. எஞ்சிய அறுநூறுக்கு மேற்பட்ட வகைகளுக்கு நீண்டகாலக் கணக்கே போதவில்லை. அறியாமையின் அளவு அவ்வளவு. அதில் ஒரு கடுகளவைக் குறைக்க லோதி தோட்டத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும்.

இரண்டாவது மறுப்பு: துறையின் வேலையைச் சங்கம் ஏன் செய்ய வேண்டும்? துறையில் பறவைக்கு இரண்டு பெயர்கள்தாம் உண்டு: ஆங்கிலப் பெயர் ஒன்று, இலத்தீன் பெயர் ஒன்று. இவை வேண்டும். ஆனால் ஆள்காட்டி என்ற பெயரில் இருக்கும் அறிவு அவற்றில் இல்லை. ஆள் வருவதைக் கத்திக் காட்டிக்கொடுக்கும் பறவை அது. அதன் நடத்தை முழுவதையும் நம் முன்னோர் ஒரு சொல்லில் அடக்கிவிட்டார்கள். வாலாட்டி, மரங்கொத்தி, மீன்கொத்தி, நத்தைகுத்தி - ஒவ்வொரு பெயரும் ஒரு கள ஆய்வுக் குறிப்பு. நாம் என்ன செய்கிறோம்? மேடையேறி அன்றிலின் காதலை முழங்குகிறோம். சங்க நூல்களின் இயற்கையழகு என்று இருபது நிமிடம் பேசுகிறோம். பேசி முடித்து வெளியே வந்தால் வாசல் மரத்தில் கூவும் பறவைக்குப் பெயர் தெரியவில்லை. 'ஏதோ குருவி' என்கிறோம். சொற்கள் அகராதியில் இருந்தால் போதாது. சுட்டிக்காட்டும் விரலோடு சேர்ந்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் 'நாட்டுப்புறக் குறிப்பேடு' என்ற பொருள்படும் தலைப்பில் 1950 முதல் 1996-இல் மறையும்வரை தொடர்ந்து எழுதிய மா. கிருஷ்ணன் தமிழிலும் எழுதினார். இயற்கையைப் பற்றிய துல்லியமான உரைநடைக்குத் தமிழ் போதும் என்பதற்கு அவர் எழுத்தே சான்று. அந்த வேலையைத் தொடர வேண்டியவர்கள் யார்? அறிவியலும் படித்து, தமிழ்ச் சங்கத்திலும் உறுப்பினராக இருக்கும் நாம்தாமே?

மூன்றாவது மறுப்புதான் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது. நம் ஊரை விட்டுவிட்டு இந்த ஊர்ப் பறவையை ஏன் எண்ண வேண்டும்?

நான் சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்தவன். எங்கள் பக்கத்தில் வேட்டங்குடி என்ற இடத்தில் பறவைகள் சரணாலயம் ஒன்று இருக்கிறது. அருகிலுள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகள் மிரளும் என்பதற்காகப் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கூடு கட்டும் நாரையும் கொக்கும் அவர்களுக்கு விருந்தாளிகள். அங்கே கூடும் பறவைகளின் பட்டியலை அம்மக்கள் வைத்திருக்கிறார்களோ இல்லையோ, விருந்தாளிக்குத் தரவேண்டிய மரியாதையை வைத்திருக்கிறார்கள். அந்த மரியாதை கண்மாய்க் கரையோடு முடிந்துவிடுமா? அதை அறிந்த ஊர்க்காரன் தில்லிக்கு வந்ததும் பறவை என்பது பிறர் விவகாரம் என்று இருந்துவிட்டால், அவன் ஊரிலிருந்து கொண்டுவந்தது பொடி டப்பா மட்டும்தான் என்று பொருள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்று தோட்டத்தில் முதியவரான தோட்டக்காரர் ஒருவர் எங்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எதைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார். இருவாச்சியைக் காட்டினோம். "தனேஷ்" என்றார். பச்சைப்புறா "ஹரியல்" ஆயிற்று. வால் துடிக்கும் செவ்வால் "திர்திரா" ஆயிற்று. நாம் நிறத்தைப் பார்த்துத் தவிட்டுக்குருவி என்று பெயர் வைத்த கூட்டத்தை அவர்கள் 'ஏழு அண்ணன் தம்பிகள்' என்கிறார்கள். நாம் நிறத்தைப் பார்த்தோம். அவர்கள் தலையை எண்ணினார்கள். பிறகு அவர் ஒரு முதுமரத்தின் பொந்தைக் காட்டி, கோடையில் பெண் இருவாச்சி அதற்குள் புகுந்து வாயிலை அடைத்துக்கொள்ளும், ஆண் பறவை சிறு துவாரத்தின் வழியே ஊட்டும் என்று கையசைத்து விளக்கினார். எங்களில் சிலர் இந்த ஊரில் ஆட்டோ வாடகைக்கும் அறை வாடகைக்கும் அப்பால் இந்தியில் பேசிய முதல் உரையாடல் அது. மொழித் திணிப்பை எதிர்ப்பது நம் உரிமை. அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரு தோட்டக்காரரிடம் அவர் அறிந்த பறவையின் பெயரைக் கேட்பது மரியாதை. அதையும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அந்தப் பொந்து ஒரு பெரிய செய்தியையும் சொல்கிறது. இருவாச்சிக்கும் கிளிக்கும் ஆந்தைக்கும் தாமே பெரும்பொந்து குடையும் ஆற்றல் இல்லை. முதிர்ந்த மரத்தில் ஏற்கெனவே உண்டான பொந்துதான் பெரும்பாலும் அவற்றுக்கு வீடு. 2018-இல் தென்தில்லியில் அரசுக் குடியிருப்புகளைப் புதுப்பிக்க ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டத் திட்டமிட்டபோது மக்கள் மரங்களைக் கட்டிப்பிடித்து நின்றார்கள். உயர்நீதிமன்றம் வெட்டுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அப்போதெல்லாம் சொல்லப்படும் ஆறுதல் ஒன்றுண்டு: ஒரு மரத்துக்குப் பதில் பத்துக் கன்றுகள் நடுவோம் என்பது. கணக்குப் புத்தகத்தில் அது இலாபம். இருவாச்சியின் கணக்கில் அது நட்டம். பத்துக் கன்றில் ஒரு பொந்து கூட இல்லை. பொந்து விழும் அளவுக்கு ஒரு கன்று முதிர்வதற்குள் நம் பேரப்பிள்ளைகள் பட்டம் வாங்கிவிடுவார்கள். இதை எடுத்துச் சொல்வதற்கு, இந்த மரத்தில் இந்தப் பறவை இருந்தது என்று நாளும் இடமும் குறித்த ஏடு வேண்டும். வெட்டும்போது தேடினால் கிடைக்காது.

ஆகவே சங்கத்தின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறேன்.

முதலாவது, மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஒரு நடை. லோதி தோட்டமாக இருக்கலாம். பல்கலைக்கழகத்தை ஒட்டியே உள்ள வடக்கு ரிட்ஜ் காடாக இருக்கலாம். யமுனைக் கரையில் ஓக்லாவாக இருக்கலாம். இரட்டைக்கண் நோக்காடி இல்லாதவர் தயங்க வேண்டாம். பதினோரு பேருக்கு எங்களிடம் இருந்தவை இரண்டே. முதல் தேவை காது. இரண்டாவது தேவை வாயை மூடியிருத்தல். நம் சங்கத்தாருக்கு இரண்டாவதுதான் கடினம்.

இரண்டாவது, சங்க அறையில் ஒரு பொதுக் குறிப்பேடு. நாள், இடம், நேரம், பறவையின் தமிழ்ப் பெயர், இந்திப் பெயர், எத்தனை என்று கட்டம் போட்டிருக்க வேண்டும். நாம் போவோம், ஏடு இருக்கும். பத்தாண்டு கழித்து வரும் மாணவர் அதில் ஏதேனும் ஒரு பெயர் இல்லாமற் போயிருப்பதைக் காண்பார். அன்று அந்த ஏட்டின் விலை தெரியும்.

மூன்றாவது, வருகிற பொங்கல். 2015 முதல் தமிழகத்துப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் நாட்களில் ஊர்தோறும் பறவைகளைக் கணக்கெடுத்து வருகிறார்கள். பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று கண்டதை எழுதிப் பதிந்தால் போதும். அதே நாட்களில் நாம் தில்லியில் எண்ணுவோம். கரும்பும் பானையும் கோலமும் எப்போதும்போல் இருக்கட்டும். பால் பொங்கிய பிறகு ஒரு மணி நேரம், பல்கலைக்கழக வளாகத்தில், ஐவர் ஐவராகப் பிரிந்து நடப்போம். உழவுக்குத் துணைநின்ற மாட்டுக்கு நன்றி சொல்லும் விழாவில், அந்த மாடு இறந்தபின் நிலத்தைத் தூய்மை செய்த பாறுகளையும் நினைப்பது பொருத்தமாகவே இருக்கும்.

செயற்குழு அடுத்த கூட்டத்தில் இதைப் பரிசீலிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தீர்மானம் நிறைவேறினாலும் நிறைவேறாவிட்டாலும், வருகிற முதல் ஞாயிறு காலை ஆறே முக்காலுக்கு நான் விசுவவித்யாலய மெட்ரோ நிலையத்தின் வாசலில் நிற்பேன். கம்பளிக் குல்லாயும் ஒரு பென்சிலும் கொண்டு வாருங்கள்.